தறிக்காரருக்கு எம்.எஸ். வந்தால்: மூளை அழற்சியை மருந்துகள் எதுவரை அடக்கும்?

கோர்வைச் சேலை நெய்ய உட்கார்ந்தவருக்கு உடம்பு முழுவதும் ஒத்துழைக்க வேண்டும். குழிக்குள் இரண்டு கால்களும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கை நாடாவைத் தள்ள, கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஓர் இழை பிசகினாலும் கண்ணில் பட வேண்டும். அறுந்த பட்டிழையை விரல் நுனி தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். வாலாஜாபாத் வட்டாரத்தில் பெரிய ஏரியின் கரையில் இருக்கும் தென்னேரியிலும், காஞ்சிப் பட்டுக்குத் தறி போடும் சுற்று ஊர்களிலும் ஒரு குடும்பத்தின் சோறு இந்த ஒத்துழைப்பில்தான் வேகிறது.

அந்தக் கண், அந்த விரல், அந்தக் கால் மூன்றையும் குறிபார்த்துத் தாக்கும் நோய் ஒன்று உண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். உலகம் முழுவதும் சுமார் 29 லட்சம் பேர் இதனோடு வாழ்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் நோய், குளிர் நாட்டு நோய் என்று நம் மருத்துவக் கல்லூரிகளிலேயே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மங்களூரில் நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட்டும் அவருடைய குழுவும் நகரத்தைக் கணக்கெடுத்து 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. லட்சம் பேரில் எட்டுப் பேருக்குச் சற்று மேல் என்று கணக்கு வந்தது. அதே விகிதம் இங்கேயும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டால், பத்து லட்சத்தைத் தாண்டிய மக்கள் வாழும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எண்பது, நூறு பேருக்காவது இந்த நோய் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்கு அது எம்.எஸ். என்று தெரியும்?

தென்னேரியில் முப்பது வயதுத் தறிக்காரப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வலது கண் மங்குகிறது. கண்ணை அசைத்தால் உள்ளுக்குள் வலிக்கிறது. சிவப்புப் பட்டு வெளுத்த சிவப்பாகத் தெரிகிறது. நாள் முழுக்க இழையைப் பார்த்ததால் கண்ணுக்குக் களைப்பு என்று வீட்டில் சொல்வார்கள். சில வாரங்களில் பார்வை தானே திரும்பிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆறு மாதமோ இரண்டு வருஷமோ கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், மிதியில் கால் பதியாது. இந்த முறை நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வரும், சத்து ஊசி வரும், அதுவும் தானே அடங்கும். அடுத்தது எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாது. வந்து போவதுபோல் தெரிவதுதான் இந்த நோயின் வஞ்சகம். ஒவ்வொரு முறையும் மூளையிலோ தண்டுவடத்திலோ ஒரு தழும்பு மிச்சம் இருக்கும். பாரிசில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்ததும் அந்தத் தழும்புகளை வைத்துத்தான்.

உள்ளே நடப்பதைக் காஞ்சிபுரத்துக்காரருக்கு விளக்க ஜரிகையைவிட நல்ல உதாரணம் இல்லை. நடுவில் பட்டிழை, அதைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி. நரம்பிழையும் அப்படித்தான்: நடுவில் செய்தி ஓடும் இழை, அதைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை. உறை இருக்கும்வரை செய்தி தாவித் தாவி விரைவாக ஓடும். உரிந்துபோனால் தடுமாறும் அல்லது நின்றுபோகும். நெடுநாள் உரிந்தே கிடந்தால் இழையே அறும். அறுந்த இழையை ஒட்டவைக்கும் மருந்து உலகத்தில் இன்றுவரை கிடையாது.

உறையை உரிப்பது வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் சுற்றும் டி செல்களும் பி செல்களும் சாதாரணமாக மூளைக்குள் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. மூளையின் ரத்தக் குழாய்களின் சுவர் அவ்வளவு இறுக்கமானது. எம்.எஸ். நோயில் இந்தச் செல்கள் அந்தத் தடுப்பைக் கடந்து, மயலினை எதிரி என்று நினைத்துத் தாக்குகின்றன. அந்த இடம் வீங்கி அழற்சி கொள்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது காடோலினியம் என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். தடுப்பு உடைந்த இடத்தில் சாயம் கசிந்து எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாக ஒளிரும். எம்.எஸ். மருந்துகளைப் பற்றி வந்த பெரும்பாலான ஆய்வுகளில் இந்த ஒளிரும் புள்ளிகள் எத்தனை குறைந்தன என்பது ஒரு முக்கியமான அளவுகோல்.

குன்னூரும் பதினான்கு ஊசியும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி என்ற பயம் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் நினைவிருக்கும். இந்தியாவில் அந்த ஊசி மருந்தின் கதை கசௌலியில் தொடங்குகிறது. அங்கே டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறைப்படி, வெறிநோய்க் கிருமி ஏறிய ஆட்டின் மூளையை ஃபீனால் கலந்து செயலிழக்கச் செய்து தடுப்பு மருந்து தயாரித்தார்கள். நம் மாநிலத்தில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் நரம்புத் திசுவிலிருந்து எடுத்த இந்தத் தடுப்பு மருந்தைப் பல பத்தாண்டுகள் தயாரித்துத் தென்னிந்தியா முழுக்க உயிர்களைக் காத்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒரு சிலருக்கு, நாய்க்கு வெறியே இல்லாதபோதும், சில வாரங்களில் கைகால் விழுந்தது, மூளை வீங்கியது. காரணம் கிருமி அல்ல. மருந்தோடு சேர்ந்து உடம்புக்குள் போன ஆட்டு மயலினை எதிரியாகக் கற்றுக்கொண்ட வெள்ளை அணுக்கள், அதே பாடத்தை வைத்துச் சொந்த மூளையின் மயலினையும் தாக்கின.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1930களில் இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். கிருமியே இல்லாத முயல் மூளைச் சாரத்தைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். குரங்குகளுக்குக் கைகால் தள்ளாடியது, மூளையில் மயலின் உரிந்தது. எதிர்ப்பு சக்தியே மூளையை அழற்சிக்கு உள்ளாக்கும் என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான். அந்தச் சோதனை முறையில்தான் பிறகு வந்த பல மருந்துகள் முதலில் பரீட்சிக்கப்பட்டன. நரம்புத் திசுத் தடுப்பு மருந்தை இந்தியா 2004 டிசம்பரில் நிறுத்தியது. தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கி வாதத்தில் விழுந்த பெயர் தெரியாத ஏழைகளுக்கும் இன்றைய எம்.எஸ். மருந்துகளுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. நம் பாடப்புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை என்பதால்தான் இங்கே இத்தனை வரி எழுதுகிறேன்.

ரிவர்ஸ் காட்டிய வழியில் வந்ததுதான் கிளாட்டிரமர் என்ற மருந்தும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னான், ட்வோரா டைட்டல்பாம் மூவரும் மயலினில் உள்ள ஒரு புரதத்தைப்போன்ற செயற்கைச் சங்கிலியை உண்டாக்கினார்கள். ரிவர்ஸ் குரங்குகளில் உண்டாக்கிய அந்த நோயை விலங்குகளில் வரவழைக்கப் பயன்படும் என்று எதிர்பார்த்தார்கள். வரவழைக்கவில்லை, தடுத்தது. 1996இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

அழற்சிக்கு மருந்து என்றால் எது வேண்டுமானாலும் பலிக்கும் என்று நினைத்தவர்களுக்கு இந்த நோய் கடுமையான பாடங்களைச் சொல்லியிருக்கிறது. 1987இல் காமா வகை இன்டர்ஃபெரானைப் பதினெட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஏழு பேருக்கு நோய் கிளம்பியது. ஆறே வருஷத்தில், 1993இல், பீட்டா வகை இன்டர்ஃபெரான் எம்.எஸ். நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. தாக்குதல்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மூட்டு வாதத்தில் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுத்தால் வீக்கம் அடங்குகிறது. அதே வழியை எம்.எஸ். நோயாளிகளிடம் லெனர்செப்ட் என்ற மருந்தால் முயன்றபோது தாக்குதல்கள் கூடின. 1999இல் முடிவு வெளியானது. மூட்டு வாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டுக்கொள்பவர், குடும்பத்தில் எம்.எஸ். இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். டாக்லிசுமாப் என்ற மற்றொரு மருந்து சிலருக்கு மூளை அழற்சியையே உண்டாக்கியதால் 2018 மார்ச்சில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு ஸ்டீராய்டில்தான். புதிய தாக்குதல் கடுமையாக வந்தால் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். உடைந்த தடுப்பு சீக்கிரம் இறுகும், வீக்கம் வடியும், பார்வையும் நடையும் விரைவில் திரும்பும். அவ்வளவுதான் அதன் வேலை. அடுத்த தாக்குதலை அது தடுப்பதில்லை. அமெரிக்காவில் 457 பேரைக்கொண்டு நடந்த பார்வை நரம்பு அழற்சி ஆய்வு 1992இல் வெளியானது. ரத்தக் குழாயில் ஏற்றிய ஸ்டீராய்டு பார்வை திரும்புவதை விரைவுபடுத்தியது, ஆனால் கடைசியில் தேறிய பார்வை மருந்தில்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். சாதாரண அளவில் பிரெட்னிசோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ கண் தாக்குதல் மீண்டும் வருவது அதிகமானது. மருந்துக்கடையில் தானே வாங்கிச் சாப்பிடும் மாத்திரையும் அதே வகைதான்! மெத்தில்பிரெட்னிசலோனை அதே ஒரு கிராம் அளவில் வாய்வழியாகக் கொடுத்தாலும் ரத்தக் குழாயில் ஏற்றியதற்குச் சமமாக வேலை செய்யும் என்று பிரான்சில் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. மருத்துவமனைப் படுக்கைக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல், ஆனால் அதையும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கத்திரி வெயிலில் நோய் திரும்பியதுபோல் தோன்றுவதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உரிந்த நரம்பிழைக்கு உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலும் செய்தி கடத்த முடியாது. ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890இல் குறித்துவைத்த உண்மை இது. ஓட்டுக்கூரைக்கு அடியில் மே மாதம் தறியில் உட்காருகிறவருக்குப் பழைய மங்கலும் பழைய மரப்பும் மதியத்தில் திரும்பி, குளிர்ந்தால் போய்விடும். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும் இதையே செய்யும். இதில் புதிய அழற்சி இல்லை, ஸ்டீராய்டு தேவையில்லை. காற்றும் தண்ணீரும் நிழலும் தேவை.

கதவை அடைக்கும் மருந்துகள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த மருந்துகள் வேறு ரகம். நடாலிசுமாப் வெள்ளை அணுவின் மேல் இருக்கும் ஒரு பிடிப்பானை மறைத்துவிடும், அந்த அணு மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவே முடியாது. 2006இல் வெளியான பெரிய ஆய்வில் ஒளிரும் புள்ளிகள் 92 சதவீதம் குறைந்தன, முதல் வருஷத் தாக்குதல்கள் 68 சதவீதம் குறைந்தன. விலையும் இருந்தது. காவலாளிகள் மூளைக்குள் போகாததால், நம்மில் பலருடைய உடம்பில் சும்மா கிடக்கும் ஜே.சி. வைரஸ் சிலருடைய மூளையில் விழித்துக்கொண்டது. 2004இல் ஒப்புதல் பெற்ற மருந்து 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு விதிகளோடு 2006இல் திரும்பியது. இன்று ஜே.சி. வைரஸ் பரிசோதனை செய்து, ஆபத்தை எடைபோட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

ஃபிங்கோலிமாட் 2010இல் வந்த முதல் மாத்திரை. பூச்சிகளின் மேல் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து ஜப்பானில் டெட்சுரோ ஃபுஜிதா குழு கண்டெடுத்த பொருளின் வழியில் பிறந்தது. வெள்ளை அணுக்கள் நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியே வரும் வழியை அடைத்துவிடும். மூளைக்குப் போக ஆளே இருக்காது. முதல் மாத்திரை போடும்போது இதயத் துடிப்பு குறையும் என்பதால் சில மணி நேரம் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பார்கள். நோய் அடங்கிவிட்டது என்று தானாக நிறுத்தினால் அடைபட்டவை மொத்தமாக வெளியேறி, முன்பைவிடக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

என் பார்வையில் இந்தக் கதையின் நாயகன் ரிட்டுக்ஸிமாப். 1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக ஒப்புதல் பெற்ற ஊசி. பி செல்களைத் தேடி அழிக்கும். எம்.எஸ். டி செல் நோய் என்றே எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், கலிபோர்னியாவின் ஸ்டீஃபன் ஹவுசர் பி செல்லைக் குறிவைத்தார். 104 நோயாளிகளோடு நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒளிரும் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்தன. அதுவரை நம்பிய கோட்பாடே மாறியது. அதே வழியில் உருவான ஆக்ரெலிசுமாப் 2017இல் ஒப்புதல் பெற்றது. பீட்டா இன்டர்ஃபெரானோடு ஒப்பிட்டால் தாக்குதல்கள் 46, 47 சதவீதம் குறைவு, ஒளிரும் புள்ளிகள் 94, 95 சதவீதம் குறைவு. ஆனால் அதன் விலை லட்சங்களில் பேசப்படுகிறது.

ரிட்டுக்ஸிமாப் பழைய மருந்து, காப்புரிமைச் சிக்கல் தீர்ந்தது. உலகத்தின் முதல் நகல் ரிட்டுக்ஸிமாபை 2007இல் கொண்டுவந்தது ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம். இன்று பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. சுவீடனில் டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டு வருஷத்தில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் தாக்குதல் வந்தது, மாத்திரை பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. எந்தப் பெரிய நிறுவனமும் எம்.எஸ். நோய்க்கென்று இதற்கு உரிமம் கேட்கவில்லை, லாபம் இல்லையே. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கென்று முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தபோது, கிளாட்டிரமர், கிளாட்ரிபின் இரண்டோடும் ரிட்டுக்ஸிமாபையும் சேர்த்தது.

ரிட்டுக்ஸிமாப் எளிய மருந்து என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கல்லீரலில் ஒளிந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸை எழுப்பிவிடும், எனவே முதல் ஊசிக்கு முன் அந்தப் பரிசோதனை கட்டாயம். காசநோய் நிறைந்த நாட்டில் மார்புப் படமும் காசநோய்ச் சோதனையும் பார்த்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் குறைந்து தொற்றுகள் வரலாம். தடுப்பூசிகளைச் சிகிச்சைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண் முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எம்.எஸ். தாக்குதல் தானே குறையும், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடும். எம்.எஸ். நோய்க்குத் தரும் மற்றொரு மருந்தான டெரிஃப்ளூனமைட் மாத்திரை கருவுக்கு ஆகாது. பிள்ளை பெறக் கூடாது என்று எம்.எஸ். பெண்களுக்குச் சொல்லும் உறவினர்களுக்கு ஒன்று: அந்தப் பழைய அறிவுரையை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது.

தடுப்புக்கு உள்ளே

ஒளிரும் புள்ளிகள் 95 சதவீதம் குறைந்தால் நோயும் 95 சதவீதம் குறைய வேண்டும்தானே? அப்படி நடக்கவில்லை. தாக்குதல் தாக்குதலாக வராமல் முதலிலிருந்தே மெல்ல மெல்ல முற்றும் எம்.எஸ். வகையில் ஆக்ரெலிசுமாபைச் சோதித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு உடல் இயலாமை கூடியது, பெற்றவர்களில் 32.9 சதவீதம் பேருக்கு. இந்த வகைக்குப் பலன் தந்த முதல் மருந்து என்பதால் உலகமே கொண்டாடியது. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்.

ஏனென்றால் அழற்சி இரண்டு வகை. ஒன்று ரத்தத்திலிருந்து அலை அலையாக வருவது. சாயத்தில் ஒளிர்வது இதுதான், மருந்துகள் நன்றாக அடக்குவதும் இதைத்தான். மற்றொன்று, தடுப்பு மூடிய பிறகும் உள்ளேயே தங்கிவிடுவது. மூளைக்கென்று சொந்தமாக இருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் பழைய தழும்பின் விளிம்பில் இரும்பைச் சுமந்துகொண்டு, வருஷக்கணக்கில் அடங்காமல் இருக்கின்றன. விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. சாதாரண ஸ்கேனில் இது தெரியாது, சிறப்பு முறையில் எடுத்த படத்தில் கரிய வளையமாகத் தெரியும். புதிய தாக்குதல் ஒன்றும் வராமலே நடை ஆண்டுக்கு ஆண்டு தளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ரிட்டுக்ஸிமாப் போன்ற பெரிய மூலக்கூறுகள் மூளைக்குள் மிகக் குறைந்த அளவே நுழைகின்றன.

இதற்காகத்தான் மூளைக்குள் போகும் மாத்திரைகளைத் தேடுகிறார்கள். டோலிபுருட்டினிப் என்ற மருந்தின் ஆய்வு முடிவு 2025இல் வெளியானது. தாக்குதல் நின்று, மெல்ல முற்றும் கட்டத்தில் இருந்தவர்களில் இயலாமை கூடியவர்கள் மருந்தில்லாமல் 30.7 சதவீதம், மருந்தோடு 22.6 சதவீதம். தாக்குதல் வகை எம்.எஸ். நோயிலோ இதே மருந்து பழைய மாத்திரையான டெரிஃப்ளூனமைடைவிடத் தாக்குதல்களைக் குறைக்கவில்லை. ஒரே மருந்து ஓர் அழற்சியில் வென்று, இன்னோர் அழற்சியில் சமமாக நின்றது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் அதே ஆய்வில் பதிவானது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோயைத் தொடங்கிவைப்பது எது என்ற கேள்வியிலும் வெளிச்சம் வந்திருக்கிறது. அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய ஒரு கோடிப் பேரின் பதிவுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஆனது. உலகில் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும் வைரஸ் அது, வெகு சிலருக்கே எம்.எஸ். வருகிறது. அது பதுங்குமிடம் பி செல். ரிட்டுக்ஸிமாப் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்.

மருந்து தொடங்குமுன் நோய் எது என்று உறுதியாகத் தெரிந்திருப்பது நம் நாட்டில் இரட்டிப்பு முக்கியம். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயை இந்தியாவிலும் ஜப்பானிலும் நெடுங்காலம் எம்.எஸ். கணக்கிலேயே எழுதிவந்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லென்னன் குழு 2004இல் அதற்குரிய எதிரணுவை ரத்தத்தில் கண்டுபிடித்த பிறகுதான் இரண்டும் பிரிந்தன. இந்த நோயில் பீட்டா இன்டர்ஃபெரானும் ஃபிங்கோலிமாடும் நடாலிசுமாபும் நிலைமையை மோசமாக்கும். ரிட்டுக்ஸிமாபோ இதற்கும் உதவும். இரண்டு கண்ணும் சேர்ந்து போனாலோ, தண்டுவடத்தில் நீளமான வீக்கம் தெரிந்தாலோ, அக்வாபோரின் எதிரணு, மாக் எதிரணு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னேரியிலிருந்து எத்தனை தூரம்?

இனி அந்தத் தறிக்காரப் பெண்ணிடம் வருவோம். அவருடைய கண் மங்கிய முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பியல் மருத்துவர் பார்த்து, வீரியமான மருந்தை முதலிலேயே தொடங்கியிருந்தால் அடுத்த தாக்குதல் வராமலே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தத்திலிருந்து வரும் அழற்சியை அடக்கும் வழி நம்மிடம் இருக்கிறது, உள்ளே தங்கிவிட்ட அழற்சிக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எனவே மருந்தின் பலன் பெரும்பாலும் தொடக்க வருஷங்களில்தான். லேசான மருந்தில் தொடங்கி, முற்றினால் வீரியமான மருந்து என்ற பழைய படிக்கட்டு முறையைப் பல நாட்டு மருத்துவர்கள் கைவிட்டு வருகிறார்கள். நம்மிடம் பணக்காரருக்கு முதல் நாளே வீரியமான மருந்து கிடைக்க, ஏழைக்கு முற்றிய பிறகும் அது கிடைக்காத நிலை தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தென்னேரியின் ஒரு பக்கம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் துறை, மறுபக்கம் வேலூர் சி.எம்.சி. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய இடம் அது. இரண்டுக்கும் ஒரு நாள் பயணத்தில் போய்வர முடியும். ஆனால் தறியில் இருப்பவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ரிட்டுக்ஸிமாபைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏற்றினால் போதும். அந்த ஊசியைக் கையாளத் தெரிந்த செவிலியர்கள் புற்றுநோய் மருத்துவமனைகளில் இருப்பார்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் சென்னையில் முடிவு செய்ய, ஊசி காஞ்சிபுரத்திலேயே ஏற்றப்படும் ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடம் ஒன்றும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

வீடு தேடிப் போகும் அமைப்பும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரப் பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள், இயன்முறைச் சிகிச்சையாளரும் போகிறார். அவர்களுக்கு நான்கு கேள்விகள் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரு கண் மட்டும் மங்கி, அசைத்தால் வலித்ததா? மரப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்ததா? கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததா? சிறுநீர் அடக்க முடியாமல் போனதா? இவற்றில் ஏதாவது ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு வந்து போயிருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப அந்த ஒரு கேள்வியே போதும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எம்.எஸ். நோயைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. வெளியே பார்க்க நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு அடையாள அட்டை என்று கேட்பவர்கள், களைப்பும் மங்கலும் கண்ணுக்குத் தெரியாத ஊனம் என்பதை அறிய வேண்டும். 1985இல் தொடங்கிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. புதிதாக நோய் தெரிந்தவர்கள் அங்கே போய், பத்து, இருபது வருஷமாக இதனோடு வேலை செய்து, பிள்ளை வளர்த்து வாழ்கிறவர்களோடு பேசலாம்.

மாநில அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எம்.எஸ். நோயாளிக்கு ரிட்டுக்ஸிமாப் தவணை, அதற்கு முந்தைய பரிசோதனைகள், ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. இம்மூன்றும் அவரவர் மாவட்டத்திலேயே கட்டணமில்லாமல் கிடைப்பதை உறுதிசெய்யுங்கள். வாசகரிடம் கேட்பதும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இளவயதுக்காரர் ஒருவருக்கு ஒரு கண் மங்கித் தானே தெளிந்திருந்தால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த மாதத்துக்குள் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.